சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல்

"ஐஸ் பெட்டி ஒண்ணு வேணும்யா" என்றது போனில் ஓர் ஆண் குரல். சாம்பசிவம் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் இருந்தது அறக்கட்டளை அலுவலகம். சாவு வீட்டிலிருந்து பேசுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சாம்பசிவத்துக்கு ஒரு முறை உண்டு. அவசரப்படுத்த மாட்டார், ஆறுதலும் சொல்ல மாட்டார். ரிஜிஸ்டரில் கோடு போட்டு வைத்திருக்கும் கட்டங்களின் வரிசைப்படி கேட்பார், கேட்ட வரிசையிலேயே எழுதுவார். அழுகிறவர்களுக்கு அதுவே ஒரு பிடிமானம் என்பது அவர் நினைப்பு.

"இறந்தவங்க பேரு?"

"முத்துமீனா."

எழுதினார்.

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"அட்ரஸ் சொல்லுங்க."

"பதினேழு பார் ரெண்டு, தைக்கால் மூணாவது சந்து."

"மாடியா, கீழயா? மாடின்னா பெட்டி தூக்க ரெண்டு ஆள் கூட வேணும்."

"கீழதான்யா. நீலக் கேட்டு. முன்னால முருங்கை மரம் நிக்கும்."

கீழ்த்தளம், நீல கேட் என்று எழுதினார்.

"எப்ப இறந்தாங்க?"

"இன்னும் இல்ல. சனிக்கிழமை மூணு மணிக்கு மேல."

பேனா 'சனிக்கிழமை' வரை எழுதிவிட்டு நின்றது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். சாம்பசிவம் தன் கையெழுத்தை முதலிலிருந்து ஒரு தரம் படித்தார். பெயர் அவர் பெண்டாட்டியுடையது. வயது அவளுடையது. வீடு அவருடையது. நீல கேட்டுக்குப் போன பொங்கலுக்குத்தான் அவரே பெயிண்ட் அடித்திருந்தார். இத்தனையும் தெரிந்த ஒரு மனிதர், ஐந்து கட்டத்தையும் நிரப்பிய பிறகுதான் பயப்பட ஆரம்பித்தார் என்றால் அது அவருடைய வேலைப் பழக்கம். பயம் வந்ததும் முழுசாக வந்தது. கீழே மண்டியில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்ட சத்தத்துக்கு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணி என்பது வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நேரம்.

முத்துமீனா நாடாளுமன்றத்துக்கு நிற்கிறாள். சிரிக்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் சிரித்து முடித்துவிட்டார்கள். சுயேச்சை. கொடி கிடையாது, கரை வேட்டி கிடையாது. இருப்பதெல்லாம் பதினோரு ஐஸ் பெட்டியும் ஒரு வேனும், அதை ஓட்ட சேக் இஸ்மாயிலும்தான்.

அவளுடைய அப்பா ஒரு சித்திரை வெயிலில் இறந்துபோனார். துபாயிலிருந்து மகன் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதுவரை மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளம் வாங்கி வந்து, மரத்தூளைக் கொட்டி, அதன்மேல் மனிதரைக் கிடத்தி வைத்திருந்தார்கள். கூடத்தில் மீன் வாடை அடித்தது. காரியம் முடிந்த மறு வாரமே வளையலை விற்று முதல் பெட்டியை வாங்கி அறக்கட்டளையை ஆரம்பித்தாள். வாடகை இல்லை. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வியும் இல்லை. பதினாறு வருஷத்தில் இந்த ஊரில் அவள் பெட்டி போகாத தெரு இல்லையென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்று மாநகராட்சித் தேர்தலில் வார்டுக்கு நின்றாள். அறுபத்தோரு ஓட்டில் தோற்றாள். அத்தோடு விட்டுவிடுவாள் என்று சாம்பசிவம் நிம்மதியாக இருந்தார்.

அப்போதுதான் சமயநல்லூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி கேட்டு வந்தது. நாலு வழிச் சாலைக்கு இந்தப்பக்கம் ஊர், அந்தப்பக்கம் சுடுகாடு. பாடையைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடித்தான் கடக்க வேண்டும். அன்றைக்கு ஓடியவர்களில் ஒருவரை லாரி அடித்தது. ஒரு பிணத்தைக் கொண்டுபோனவர்கள் இரண்டு பிணத்தோடு நின்றார்கள். அந்த இடத்தில் ஒரு சுரங்கப்பாதை வருவதாகப் பழைய வரைபடத்தில் இருந்தது. பிறகு அங்கே ஒரு பெரிய கல்யாண மண்டபம் வந்தது, வரைபடத்திலிருந்து சுரங்கப்பாதை போய்விட்டது. முத்துமீனா மனு எழுதினாள். மாநகராட்சியில் இது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். மாவட்டத்தில் இது எங்கள் சாலை இல்லை என்றார்கள். கடைசியாக ஒருவர், "இதெல்லாம் டெல்லியிலதாம்மா கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப டெல்லிக்கே போறேன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சொன்னவள் மனுவும் போட்டாள், பரிசீலனையிலும் தேறினாள். தினம் சாயங்காலம் வேன்மேல் ஏறி, ஒரு கையில் மைக்கோடு அந்தப் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டுகிறாள். மண்டபம் யாருடையது, அவருடைய மைத்துனர் எந்தக் கட்சியில் இதே தொகுதியில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். சாம்பசிவம் அவளுடைய தேர்தல் முகவர். முகவர் என்றால் கூட்டத்துக்குப் பின்னால், ஓடுவதற்கு வசதியான இடத்தில், கைப்பையோடு நிற்பவர்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போய் என்ன சொல்வது? ஐஸ் பெட்டி வேண்டும் என்று ஒருவன் போன் பண்ணினான் என்றா? அதுவும் போக, போலீஸ் என்றால் முத்துமீனாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்று சாயங்காலமே அதையும் மைக்கில் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பயம் என்று ஒன்று உண்டா என்று அவர் பார்த்ததே இல்லை. அவளுக்கும் சேர்த்து அவர்தான் பயந்து வந்தார்.

ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தார். பக்கத்துக்கு எண் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில் கிளார்க்காக இருந்த கை, எண் போட்ட ரிஜிஸ்டரைக் கிழிக்காது. ஸ்கேலை வைத்து அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார். அடித்ததற்கு ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டார். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போனபோது நீல கேட்டில் ஒரு ரோஜா மாலை தொங்கியது.

ஆள் உயர மாலை. ஈரம் சொட்டச் சொட்டப் புதுசாக இருந்தது. வேட்பாளருக்கு மாலை போடுவார்கள்தான். ஆனால் ஆளுக்குப் போடுவார்கள், கேட்டுக்குப் போட மாட்டார்கள். முத்துமீனா குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சாம்பசிவம் மாலையைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சந்து முனை வரை ஏறக்குறைய ஓடினார். அங்கே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாடு நின்றது. அதன் முன்னால் போட்டார். மாடு ஒரு வாய் தின்றது. சட்டையெல்லாம் ரோஜா வாசனையாக இருந்தது.

"அண்ணே, நல்ல பூவுண்ணே. மாட்டுக்குப் போட்டுட்டீகளே" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

டீக்கடை பெஞ்சில் சங்கிலி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. மண்டபத்துக்காரருக்கு வேண்டியவன் என்று ஊருக்குத் தெரியும். என்ன வேலை பார்க்கிறான் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுந்து வந்து, சாம்பசிவத்தின் தோளில் ஒட்டியிருந்த ஒரு இதழை எடுத்துக் கீழே போட்டான்.

"பாப்பா ஓசூர்லதான இருக்கு? வர்ஷினிதான பேரு? ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்து இறங்குது. அங்கன தெருவிளக்கே இல்லண்ணே. ஒரு மனுக் குடுக்கச் சொல்லுங்க."

சாம்பசிவம் தோளில் இதழ் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"அக்கா ரெம்ப நல்லவக. எங்க அப்பத்தா செத்தப்பக்கூட அவுக பெட்டிதான் வந்துச்சு. அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு இம்புட்டு விவரம் தெரியும், நீங்க சொன்னா கேப்பாக." பால் பாக்கெட்டை அவனே வாங்கி அவர் கையில் கொடுத்தான். "நாளைக்கு மூணு மணிண்ணே. மறந்துராதீக."

அன்று பகல் முழுக்க அவருக்குக் கை கால் ஓடவில்லை. மகளுக்கு நாலு தரம் போன் பண்ணினார். அவள், "என்னப்பா, சாப்டியா சாப்டியான்னு எம்புட்டுத் தரம் கேப்பீங்க?" என்று எரிந்து விழுந்தாள். எரிந்து விழுகிற குரல் அன்றைக்கு இனிமையாக இருந்தது. மதியத்துக்கு மேல் கலெக்டர் ஆபீசுக்குப் போய், வாபஸ் வாங்கும் படிவம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வேட்பாளரே வர வேண்டாம், அவர் கையெழுத்தோடும் எழுத்து மூலமான அதிகாரத்தோடும் முகவர் வந்து கொடுத்தாலும் போதும் என்று தெரிந்துகொண்டார். திருடப் போகிறவன் வீட்டு வாசல்களை எண்ணுவதுபோல் இருந்தது அவருக்கே.

அவளுடைய கையெழுத்து கிடைப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காகித வேலை எல்லாம் சாம்பசிவம். இறப்புச் சான்றிதழுக்குச் சிபாரிசுக் கடிதம், வேனுக்கு இன்சூரன்ஸ், பிரசார வண்டிக்கு அனுமதி என்று எதுவானாலும் அவர் எழுதுவார், தேதி போடுவார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அடுக்கி வைப்பார். முத்துமீனா புள்ளியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். படிக்க மாட்டாள். "நீங்க எழுதினத நான் என்னத்தப் படிக்க?" என்பாள். அதைச் சொல்லும்போது ஒரு கை குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அடுக்கில் பதினான்கு காகிதம் இருந்தது. ஒன்பதாவது, வாபஸ் படிவம். பத்தாவது, முகவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதம். இரண்டிலும் பென்சில் புள்ளி. அடுக்கை மேஜையில் வைத்துவிட்டு சாம்பசிவம் வாசலுக்குப் போய் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே பிரசாரத்திலிருந்து வந்தவள் குரல் கட்டிப்போய் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. பிறகு பேச்சு நின்றது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"எல்லாம் போட்டாச்சுங்க. எடுத்து வச்சுக்கங்க" என்றாள்.

அவர் உள்ளே போய், அவள் முகத்தைப் பார்க்காமல் அடுக்கை எடுத்துப் பையில் வைத்தார். அவள் அவருக்கு ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் தின்றார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பிரசார வண்டி அனுமதி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முத்துமீனா வாசல் வரை வந்தாள். "பாத்துப் போங்க" என்றாள். வழக்கமாக இதைச் சொல்பவர் அவர்தான்.

கலெக்டர் ஆபீசில் தேர்தல் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்ச் போட்டிருந்தது. வாபஸ் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எதையோ சாதித்துவிட்டவர்போல் பல் குத்திக்கொண்டிருந்தார். சாம்பசிவம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரம் இரண்டு இருபது காட்டியது.

சங்கிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை.

"கொண்டாந்துட்டீகளா?"

சாம்பசிவம் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும்ணே. படிச்சவுக படிச்சவுகதான்." அவர் முழங்காலில் தட்டிக் கொடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அய்யா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே அக்கா எதுக்கு வெயில்ல அலைஞ்சுகிட்டு? பெட்டி பதினொண்ணும் அப்பிடியே இருக்கட்டும். அய்யா படத்த மட்டும் மேல ஒட்டிக்கிருவோம். வேன்லயும் ஒட்டிக்கிருவோம். அந்தப் போன் நம்பர எங்க ஆபீசுக்கு மாத்திவிட்டுருங்க. எந்த வீட்ல சாவுன்னாலும் மொதல்ல எங்களுக்குத் தெரியணும். வாரத் திங்கக்கிழமை சாவி வாங்க வாரேன்."

"திங்கக்கிழமையா?" என்றார் சாம்பசிவம். சங்கிலியிடம் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

"அடுத்த மாசம்னாலும் சரிண்ணே. அவசரம் ஒண்ணுமில்ல. நாங்க எங்க போயிரப் போறோம்? இங்கனதான இருப்போம்."

சங்கிலி எழுந்து தூணோரம் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து கதவும் தெரியும், பெஞ்சும் தெரியும். சாம்பசிவம் அதுவரை சனிக்கிழமை மூன்று மணியோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார். பல் பிடுங்குவதுபோல, ஒரு தரம் வலித்தாலும் பிறகு நிம்மதி என்று. இப்போது திங்கட்கிழமை வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு செவ்வாய் வரும். நீல கேட்டில் இனி எந்தக் காலையில் என்ன தொங்கும் என்று யாருக்குத் தெரியும்?

கை சும்மா இருக்க முடியாமல் பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். எதையும் கொடுப்பதற்கு முன்னால் மேலிருந்து கீழே ஒரு தரம் பார்ப்பது கிளார்க் பழக்கம். தொகுதி சரி. வேட்பாளர் பெயர் சரி. கையெழுத்து, புள்ளி வைத்த இடத்தில் சரியாக இருந்தது. இடம், மதுரை. தேதி.

தேதியில் அவர் கண் நின்றது.

அவர் கறுப்பு மையில் எழுதுகிறவர். படிவம் முழுக்கக் கறுப்பு. அவள் நீலத்தில் கையெழுத்துப் போடுகிறவள். தேதி நீலத்தில் இருந்தது. அவர் தேதி போட மறந்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு காகிதத்துக்குத் தேதி போட மறக்காத மனிதர் இதற்கு மறந்திருக்கிறார். அதை அவள் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, சனிக்கிழமைத் தேதியைப் போட்டிருக்கிறாள்.

அவள் படித்திருக்கிறாள். இது என்ன காகிதம், என்றைக்குக் கொடுக்க வேண்டிய காகிதம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சத்தம் போடவில்லை. கிழித்து எறியவில்லை. ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் அவர் தாராளமாகப் பயந்துகொள்ள முடிந்ததே, பயப்படாத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்ற தெம்பில்தான். அவளும் பயந்துவிட்டாள். பயந்ததை அவரிடம்கூடச் சொல்ல முடியாமல், ஒரு தேதியை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று இந்த அறைக்குள் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி, நிற்போம் என்று சொல்லவும் நெஞ்சில்லை. நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டாள். யாரிடம் வந்து விட்டிருக்கிறாள், பாருங்கள்! மாடு முட்டுமென்று எதிர்ப்பக்கமாக நடக்கிற மனிதரிடம்.

கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது. உள்ளேயிருந்து ஓர் ஊழியர் எட்டிப் பார்த்து, "வாபஸ் இருக்கறவங்க வாங்க. மூணுக்கு மேல வாங்க மாட்டோம்" என்றார். பல் குத்திக்கொண்டிருந்தவர் போனார். இன்னொருவரும் போனார். சாம்பசிவம் எழுந்திருக்கவில்லை.

தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவருக்குத் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம் என்று ஆன பிறகு, கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு காரணம் மிஞ்சவில்லை. அவ்வளவுதான் நடந்தது. சமயநல்லூர்ப் பக்கம் லாரிக்கு நடுவே பாடையோடு ஓடியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் தொடை நடுங்கித்தான் இருக்கும். பாடையை நடுரோட்டில் வைத்துவிட்டா ஓட முடியும்?

இரண்டு ஐம்பதுக்கு சங்கிலி தூணிலிருந்து தலையால் கதவைக் காட்டினான். இரண்டு ஐம்பத்தைந்துக்கு அவனுடைய சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் வரவில்லை, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அவன் வந்து நாலு அறை விட்டிருக்கலாம். சாம்பசிவம் படிவத்தை மடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வர்ஷினியின் முகம் நினைவுக்கு வந்தபோது இரண்டு ஐம்பத்தெட்டு. அப்போது மட்டும் ஒரு தரம் எழுந்தார். எழுந்தவர் கதவைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. மூன்று.

சங்கிலி போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். போகும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சின்னம் ஒதுக்கும் வேலை அடுத்து ஆரம்பமாகும், வேட்பாளர்கள் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, படியேறி முத்துமீனா வந்தாள். பின்னால் சேக் இஸ்மாயில் வந்தார். வேனை வேகமாக ஓட்டி வந்திருக்க வேண்டும், அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. முத்துமீனா பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். தலை வாரவில்லை.

"குடுத்துட்டீங்களா?"

அது எந்தப் பதிலுக்காகக் கேட்கிற கேள்வி என்று குரலிலிருந்து தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"இல்ல" என்றார். கையில் இருந்த படிவத்தைக் காட்டினார்.

முத்துமீனா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரிஜிஸ்டர்ல அடிச்சா கீழ இருக்கறது தெரியாமப் போயிருமா? பெட்டி எங்கெங்க போயிருக்குன்னு பாக்கப் போனவ, எம் பேர உங்க கையெழுத்துல பாத்தேங்க. வயசு. நீலக் கேட்டு. வியாழக்கிழமை சாயந்தரத்துல இருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல."

"எங்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?"

"நீங்க சொன்னீகளா?" அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை நடுங்கியது. எத்தனையோ சாவு வீட்டில், எத்தனையோ பேரைத் தூக்கிப் பெட்டியில் வைத்த கை. அது நடுங்கி அவர் பார்த்ததே இல்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. ரெம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் சாம்பசிவம். பொய் சொல்லி ஆறுதல் சொல்ல அவருக்கு வரவில்லை. "வர்ஷினிய இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லுவோம். இஸ்மாயில் பாயே போயிக் கூட்டிட்டு வரட்டும்."

"ஓசூர்தானக்கா? இப்ப கிளம்புனாக்கூட விடியக்குள்ள பாப்பாவோட வந்துருவேன். அல்லா இருக்கான்" என்றார் இஸ்மாயில்.

அந்த நேரம் சாம்பசிவத்தின் சட்டைப் பையில் அறக்கட்டளை போன் அடித்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். எண் புதுசு. மணி மூன்று இருபது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டாம் என்று முத்துமீனா தலையை ஆட்டினாள். அப்படி ஒரு போனை எடுக்க வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் அவளே கண்ணை மூடிக்கொண்டாள். சாம்பசிவம் எடுத்தார்.

"ஐஸ் பெட்டி வேணும்யா" என்றது ஒரு பெண் குரல். அழுது அழுது அடைத்துப்போன குரல்.

ரிஜிஸ்டர் சிம்மக்கல்லில் இருந்தது. கையில் வேறு காகிதம் இல்லை. சாம்பசிவம் வாபஸ் படிவத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"இறந்தவங்க பேரு?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ராக்கம்மாள்."

மூச்சை விட்டார். விட்ட மறுகணம், யாரோ ஒரு ராக்கம்மாள் செத்ததற்கு மூச்சு விடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"வயசு?"

"அறுபத்திரண்டுய்யா. எங்க அம்மா."

"அட்ரஸ் சொல்லுங்கம்மா."

"சமயநல்லூரு தாண்டி, நாலு வழிச் சாலைக்கு இந்தப்பக்கம்யா. பெட்டிக்காரம்மா மைக்கில பேசுறாகளே, அந்த ஊருதான்." குரல் உடைந்தது. "நாளைக்கு ரோட்டத் தாண்டித் தூக்கிட்டுப் போகணும்யா. என் தம்பிமாரு சின்னப் புள்ளைக மாதிரி அழுறாங்கெ. பெட்டிக்காரம்மா வருவாகளா?"

சாம்பசிவம் போனைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார். முத்துமீனாவுக்கும் இஸ்மாயிலுக்கும் கேட்டிருந்தது. "ஓசூர் போற வழிதான், பெட்டிய இறக்கி வச்சிட்டே போறேன்" என்றார் இஸ்மாயில். அவள் கண்ணைத் திறந்து படிவத்தின் பின்பக்கத்தில் அவர் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலாவது தரம் அவள் அசையவில்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டபோது எழுந்தாள். எழுந்து, அவர் சட்டையின் தோள்பக்கத்தை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருவாங்கம்மா" என்றார் சாம்பசிவம். "எப்ப இறந்தாங்க?"

"இப்பத்தான்யா. ஒரு இருபது நிமிஷம் இருக்கும்."

அவர் நேரத்தை எழுதினார். பக்கத்தில் மறக்காமல் தேதியைப் போட்டார்.